சங்கு ஊதுமுன் எழுதிய வரி

அந்தச் சாயப்பட்டறையில் ஊரறிந்த ரகசியம் ஒன்று உண்டு. வேலை முடித்துப் போகிறவர்கள் கடைசி மணி நேரத்து வரியைப் பதிவேட்டில் முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். சங்கு ஊதியதும் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். அடுத்த ஷிஃப்டுக்காரருக்காகக் காத்திருந்தால் வீடு வரைக்கும் நடைதான். அதனால் நடக்காத காரியமெல்லாம் நடந்ததாக முத்து முத்தான கையெழுத்தில் ஏறிவிடும். மேனேஜருக்கும் தெரியும். ஏடு சுத்தமாக இருந்தால் அந்த மனுஷனுக்குப் போதும்.

அவள் சாயம் காய்ச்சும் பெரிய கொப்பரையின் ஆபரேட்டர். அவளுக்கு முந்தைய ஷிஃப்டில் அதே வேலை பார்ப்பவன் அவளுடைய கொழுந்தன். கொப்பரைக்குள் இறங்கிக் கழுவுகிறவர் அவள் கணவர். போன வாரம் ஒரு மதியம் அவள் வந்தபோது கொழுந்தன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தாகிவிட்டது. ஏட்டில் 'நீராவி வால்வு மூடிப் பூட்டப்பட்டது' என்றிருந்தது. அதை நம்பிக் கணவரை இறக்கினாள். வால்வு திறந்தே கிடந்தது. பாய்லர்காரர் அந்தப் பக்கம் நீராவியை விட்டதும் அவருடைய இரண்டு கால்களும் வெந்துபோயின.

இன்று மேனேஜர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். விபத்து நடந்த அன்றைய பக்கத்தில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது: 'வால்வு மூடவில்லை என்பது அடுத்த ஆபரேட்டரிடம் வாயால் சொல்லப்பட்டது.'

"கீழ ஒரு கையெழுத்துதாம்மா. விசாரணைக்கு ஆள் வராங்க."

கொழுந்தன் குழைந்தான். "குடும்பத்துக்குள்ள எதுக்கு அண்ணி வம்பு? எனக்கு வேலையே போயிடும். உங்களைன்னா திட்டிட்டு விட்டுடுவாங்க."

ஆஸ்பத்திரியில் போர்வை பட்டால்கூடத் துடிக்கிறார் மனுஷன். இங்கே இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டே பழியை அவள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

"அதாவது, தெரிஞ்சே உங்க அண்ணனை நான் கொதியில இறக்கினேன். அப்படித்தானே?"

"யாரும் அப்படிப் படிக்க மாட்டாங்கம்மா," என்றார் மேனேஜர்.

"எழுத்துன்னா பின்ன எதுக்கு சார், படிக்கத்தானே?"

அறைக்கு வரும் வழியில் அவள் இன்றைய பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. கொழுந்தனின் கடைசி வரி அதற்குள் எழுதி முடிந்திருந்தது. அண்ணன் கால் வெந்தும் இவன் திருந்தவில்லை என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

பேனாவை எடுத்தாள். கொழுந்தன் முகம் மலர்ந்தது.

"போடறேன் தம்பி. ஆனா இன்னிக்கும் கொப்பரை கழுவாம கிடக்கு. உங்க அண்ணன் இல்ல. வால்வு பூட்டியாச்சுன்னு நீதான் எழுதி வச்சிருக்கே. நீயே இறங்கிக் கழுவிட்டு வா. வந்ததும் போடறேன்."

அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் டீ டம்ளரைப் பார்த்தார். அவன் மெல்ல எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"எங்க போறே?"

"வால்வை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன் அண்ணி."

அவள் பேனாவை மூடி மேனேஜர் முன்னால் வைத்தாள்.

"எழுதிக்குங்க சார். அவங்க அண்ணனுக்காக இவன் அன்னிக்குச் செய்யாதது இதுதான்."