சில்பிமோனின் இடதுகைக் குமிழ்

போதகர் கண்களை மூடி, "இப்போது மௌனமாக ஜெபிப்போம்" என்று சொன்ன மறு நொடி என் மனைவி சில்பிமோனின் பாஸ் கித்தார் இடித்தது. சாதாரண இடி இல்லை. தேவாலயத்தின் பன்னிரண்டு ஜன்னல் கண்ணாடிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முதல் வரிசைப் பெரியவருடைய காது மெஷின் தானாகவே கழன்று சட்டைப் பைக்குள் போய் உட்கார்ந்தது. எண்பது கிலோமீட்டர் தள்ளி, பங்களாதேஷ் எல்லையில் நின்ற காவலர்கள் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார்கள் என்று கேள்வி.

சில்பிமோன் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். ஜெபத்துக்காகச் சத்தத்தைக் குறைக்கலாமென்று குமிழைத் தொட்டாள்.

ஆராதனை முடிந்ததும் பாடற்குழுவை நடத்தும் கிட்போர் வெற்றிலையை மென்றபடி எங்களிடம் வந்தார். நல்ல மனிதர்தான். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் குரலில் தேன் ஊற்றிக்கொள்வார். எங்கள் ஊரில் கொங் என்றால் அக்கா, பாஹ் என்றால் அண்ணன்.

"கொங், கோவிச்சுக்காதீங்க. வர்ற ஞாயிறு ஆண்டு விழா. வெளியூர்ச் சபைக்காரங்க எல்லாம் வர்றாங்க."

"தெரியும் பாஹ். அதுக்கென்ன?"

"உங்க கித்தார் ஒண்ணு தூங்குது, இல்லாட்டி கத்துது. நடுவுல ஒண்ணுமே கிடையாது. புது கீபோர்டுல பாஸ் பொத்தான் ஒண்ணு இருக்கு. பேசாம அதையே…"

"இருபத்தாறு வருஷமா வாசிக்கிறேன் பாஹ் கிட்போர்."

"அதுதான் கொங், ஓய்வு எடுத்துக்கோங்கன்னு சொல்றேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிட்டா எனக்கும் சந்தோஷம்தான். இன்னொரு வாட்டி இடிச்சா, பொத்தான்தான்."

வீடு வரும்வரை அவள் பேசவில்லை. எங்கள் மலை வழக்கப்படி நான் அவள் வீட்டுக்கு வாழ வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அவள் திட்டினால் குடை எதுவென்று எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தால்தான் நனைந்து போவேன். அன்று சாயங்காலம் அவள் கட்டிலில் உட்கார்ந்து, எங்கும் செருகாத கித்தாரை மடியில் வைத்து, அதன் மரத்தில் தாடையை அழுத்தி வாசித்துக்கொண்டிருந்தாள். அப்படி வாசித்தால் எலும்பு வழியாக அவளுக்கு மட்டும் கேட்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற நாளில்கூட அவள் முகம் அவ்வளவு வாடி இருந்ததில்லை.

குற்றம் அவளுடையது இல்லை, குமிழுக்கு அடியில் இருக்கிற வால்யூம் கண்ட்ரோலுடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் வயரோடு குடும்பம் நடத்தியவன் நான். கேட்டுக்கொள்ளுங்கள். வலதுகைக்காரர்களின் கித்தாரில் குமிழை வலது பக்கம் திருகினால் சத்தம் கூடும். இடதுகைக் கித்தார் கண்ணாடியில் பார்த்த மாதிரி செய்தது. அதில் இடது பக்கம் திருகினால்தான் கூட வேண்டும். அதற்கென்று தனி வால்யூம் கண்ட்ரோல் இருக்கிறது. ஆனால் இவள் கித்தாரைச் செய்த புண்ணியவான் வலதுகைச் சாமானையே வைத்து, வயரை மட்டும் மாற்றிப் பற்றவைத்து அனுப்பிவிட்டான். அந்தச் சாமானுக்குள் ஒரு படிக்கட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே குட்டிக் குட்டிப் படிகள், மேலே போகப் போக ஆள் உயரப் படிகள். அதைத் தலைகீழாக நிறுத்தினால்? முதல் படியில் காலை வைத்ததும் மொட்டை மாடி! அதற்குப் பிறகு எவ்வளவு திருகினாலும் மாடியில் உலாத்தலாம், அவ்வளவுதான்.

இருபத்தாறு வருஷமாக அந்த முதல் படியில்தான் சில்பிமோன் காலம் தள்ளினாள். சரியாக ஓர் அரிசி அகலம் திருகுவாள். அரை அரிசி என்றால் ஊமை, ஒன்றரை என்றால் இடி. இப்போது உள்ளே தேய்ந்தும் போய்விட்டதால், அரிசிக்கும் இடிக்கும் வித்தியாசமே இல்லாமல் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை கிளம்பினேன். எங்கள் ஊர்ப் போலீஸ் பஜாரில் நாலு கடை, லைத்தும்க்ராவில் மூன்று கடை, சந்தையில் பழைய ரேடியோ விற்பவர்கள் பதினேழாயிரம் பேர். எல்லோரிடமும் வால்யூம் கண்ட்ரோல் இருந்தது. எல்லாம் வலதுகை. ஒருவன், "கித்தாரைத் திருப்பிப் பிடிச்சு வாசிக்கச் சொல்லுங்க" என்றான். அவனுக்கு ஆயுள் கெட்டி. அவள் என்னோடு கடைக்கு வரவில்லை.

கடைசியாக நெஸ்டரின் இசைக்கருவிக் கடை. சில்பிமோன் கித்தாரை வாங்கியதே அங்கேதான்.

"இடதுகைச் சாமானா?" என்று நெஸ்டர் சிரித்தான். "பாஹ், என் வாழ்க்கையில நான் வித்த இடதுகைக் கித்தார் ரெண்டு. ஒண்ணு கொங் சில்பிமோனுக்கு. இன்னொண்ணு பெட்டி மாறி வந்துடுச்சு. அதை வாங்கினவன் ஒரு மாசம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சான்."

"உதவி பண்ணுவியா, இல்ல பல்லைக் காட்டிக்கிட்டே இருப்பியா?"

"நோட்டைப் பாப்போம்."

நெஸ்டரின் கல்லாவுக்குக் கீழே ஒரு பழைய நோட்டு உண்டு. இந்த மலைகளில் உள்ள இடதுகைக் கித்தார்க்காரர்கள் அத்தனை பேரின் பெயரும் அதில் இருக்கும். எங்காவது ஓர் இடதுகைச் சாமான் தவறி வந்து இறங்கினால், ஒருத்தருக்கொருத்தர் சொல்லி அனுப்புவார்கள். ரகசிய இயக்கம் மாதிரி. மொத்தம் பதினோரு பெயர். நாலு பேர் டெல்லிக்குப் போய்விட்டார்கள். மூன்று பேர் அலுத்துப்போய் வலது கைக்கு மாறிவிட்டார்கள். இரண்டு பேர் மேளத்துக்குப் போய்விட்டார்கள், அதற்கு எந்தக் கையானாலும் சரி. ஒரு பெயர் என் மனைவி. மிச்சம் இருந்தது ஐஸ்வாலில் ஒரு பல் மருத்துவர், டாக்டர் ஸாமா.

அங்கிருந்தே போன் போட்டேன். பின்னால் பல்லைக் குடையும் மிஷின் சத்தம் கேட்டது.

"என்கிட்ட ஒரு ஜோடி இருக்கு," என்றார் டாக்டர். "ஜப்பானுக்குப் போனப்ப வாங்கினேன். பதினோரு வருஷமா பெட்டியைப் பிரிக்கல. யாருக்கு வேணும்?"

"என் வீட்டம்மாவுக்கு டாக்டர்."

"நெஜமாவே இடதுகையா? ஸ்டைலுக்குத் திருப்பிப் பிடிக்கிற ஆளுங்கள நிறையப் பாத்திருக்கேன்."

"பிறந்ததுல இருந்தே இடதுகைதான் டாக்டர். என்னைக் கிள்ளுறதும் அந்தக் கையாலதான்."

"எந்தக் கையால பல் தேய்ப்பாங்க?"

"இடது."

"அழுத்தித் தேய்ப்பாங்களா?"

"அழுத்தியா? பிரஷ் ஒரு வாரத்துல மொட்டை ஆயிடும்."

"அப்ப வலது பக்கம், மேல, ஈறோரமா பல் தேஞ்சிருக்கணுமே?"

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. "அங்கதான் கூசுது கூசுதுன்னு ரெண்டு வருஷமா சொல்றா!"

"அப்ப நெஜம்தான்," என்றார் டாக்டர் நிம்மதியாக. "அனுப்பறேன். வயர், கெப்பாசிட்டர் எல்லாம் புதுசாவே வச்சு அனுப்பறேன். நல்ல சாமானைப் போட்டுட்டு மட்ட வயரைச் சுத்தாதீங்க. பணம் வேண்டாம். நல்ல மஞ்சள்தூள் ரெண்டு கிலோ அனுப்புங்க. அப்புறம் அவங்கள மெதுவாப் பல் தேய்க்கச் சொல்லுங்க."

வியாழக்கிழமை மத்தியானம் ஐஸ்வாலிலிருந்து சுமோ ஜீப் வந்து சேர்ந்தது. வழியில் பதினாலு இடத்தில் மண் சரிந்திருந்ததாம். ஓட்டுநர் சொன்னது நாலு இடம், மிச்சத்தை நான் சேர்த்துக்கொண்டேன். காய்ந்த மிளகாய் மூட்டைக்கும் புகை போட்ட பன்றி இறைச்சிக்கும் நடுவில் ஒரு குட்டிப் பெட்டி. திறந்தால் இரண்டு வால்யூம் கண்ட்ரோல்கள், துணி சுற்றிய வயர். மோதிரம் வைக்கிற மாதிரிப் பஞ்சில் பதித்து வைத்திருந்தார் மனிதர்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜன்னலோரமாக மேசையைப் போட்டு, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கோலைச் சூடாக்கினேன். கித்தாரின் பின்மூடியைக் கழற்றினால், உள்ளே பச்சைப் பூசணம் பூத்த ஈயமும், நூடுல்ஸ் மாதிரி வயரும் கிடந்தன. சில்பிமோன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"வாண்டா அப்பா, கை நடுங்குது," என்றாள், வழக்கம்போல எங்கள் மகள் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டு.

"எனக்கில்லை, டார்ச்சுக்கு."

"ஈயத்தை அப்பாதீங்க. பூக்கட்டற மாதிரி இருக்கணும்."

"டெலிபோன் ஆபீஸ்ல என் சால்டரைப் பாக்க ஆளுங்க வரிசையில நிப்பாங்க, தெரியுமா?"

"பில் கட்ட நின்ன வரிசை அது."

ஒவ்வொரு முனையையும் மீட்டரில் பார்த்தேன். குமிழைத் திருகத் திருக எண்கள் குழந்தை தவழ்கிற மாதிரி நிதானமாக ஏறின. தாண்டவில்லை, குதிக்கவில்லை. என் கண்ணில் நீர் வந்தது. ஈயப் புகை என்று சொல்லி வைத்தேன்.

ஆனால் வாசித்துப் பார்க்க வழியில்லை. முந்தின நாள் சாயங்காலம் எங்களுக்கு மூன்றாவது வீட்டில் தொண்ணூற்றிரண்டு வயதுப் பெரியவர் கண்ணை மூடியிருந்தார். அடக்கம் சனிக்கிழமை. அதுவரை அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டிலும் பாட்டு, ரேடியோப் பெட்டி, கித்தார் எதுவும் கூடாது. நான் நாற்காலி சுமந்தேன், அவள் தேநீர் கலந்தாள். ஒத்திகையும் நின்றுபோனது. ஆம்ப்ளிஃபயர் தேவாலயத்தில் கிடந்தது. அதன் மேல் இருக்கிற குமிழ்களை யாரும் தொடக் கூடாதென்று கிட்போர் டேப் ஒட்டி வைத்திருந்தார்.

"ஒரு வாட்டிகூடக் கேக்காம எப்படி?" என்றாள் சில்பிமோன், சனிக்கிழமை அடக்கம் முடிந்து வரும்போது.

"மீட்டர் சொல்லுது, சரியா இருக்கு."

"மீட்டரா சபையில பாடப் போகுது?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெளியூர்க்காரர்கள் ஜன்னலில்கூட உட்கார்ந்திருந்தார்கள். கிட்போர் கையை உயர்த்தினார், கீபோர்டு ஆரம்பித்தது, சில்பிமோன் குமிழைத் தொட்டாள். இரண்டாம் வரிசையிலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்தாறு வருஷப் பழக்கம். சரியாக ஓர் அரிசி அகலம் திருகினாள்.

புதுப் படிக்கட்டில் ஓர் அரிசி என்பது முதல் படிகூட இல்லை, வாசலில் செருப்பைக் கழற்றுகிற இடம். ஒன்றும் கேட்கவில்லை. விரல்கள் நரம்புகளில் ஓடுகின்றன, சத்தம் மட்டும் இல்லை. சால்டர் விட்டுவிட்டதா? அவளைப் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் திருகலாம். ஆனால் இடித்துவிட்டால் அத்தோடு முடிந்தது. அவள் கை குமிழின் பக்கம் போனது, பாதியில் நின்றது, திரும்பி நரம்புக்கே வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. பாடற்குழுவின் கடைசி வரிசையில் கட்டைக்குரல் பாடும் ஆண்கள் ஆறு பேர். ஸ்வரங்களை எழுத்தாக அச்சிட்ட சோல்ஃபா புத்தகத்தை ஆளுக்கொன்றாக விரித்துப் பிடித்து, எழுத்துக்கு எழுத்து பார்த்துப் பாடுகிறவர்கள் என்று ஊரே மெச்சும். முதல் அடி முடியும் முன்பே அவர்கள் தொலைந்து போனார்கள். ஒருவர் மலைக்கு ஏறினார், ஒருவர் ஆற்றில் இறங்கினார். மூன்று பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். ஆறாமவர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பெண்கள் புதன்கிழமையில் இருந்தார்கள், ஆண்கள் இன்னும் திங்கட்கிழமையைத் தாண்டவில்லை. இத்தனை வருஷமும் அந்த ஆறு பேர் ஒரு எழுத்தையும் படித்ததில்லை. பக்கத்தில் இருந்த ஆம்ப்ளிஃபயரில் சில்பிமோன் வாசித்ததைக் கேட்டு, அதையே திருப்பிப் பாடியிருக்கிறார்கள்.

கிட்போரின் முகம் வெளுத்தது. ஆண்களைப் பார்த்தார். கீபோர்டைப் பார்த்தார். அதில் இருந்த பொத்தானால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது அவர் கண்ணில் தெரிந்தது. பிறகு சில்பிமோனைப் பார்த்து, உள்ளங்கையை மேல்நோக்கிக் காட்டி, கூட்டு, கூட்டு என்று கெஞ்சினார்.

அவள் நம்பவில்லை. 'நானா?' என்று தாடையால் கேட்டாள். அவர் தலை கழன்று விழுகிற மாதிரி ஆட்டினார்.

சில்பிமோன் திருகினாள். கால் சுற்று, அரைச் சுற்று. இடி இல்லை. தரைக்குக் கீழேயிருந்து ஏதோ ஒன்று எழுந்து, பெஞ்சுகளின் கால் வழியாக எங்கள் முதுகில் ஏறியது. இன்னும் கொஞ்சம் திருகினாள், பிறகு ஒரு நூல் குறைத்தாள். தூக்கத்துக்கும் கத்தலுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய இடம் இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஆறு ஆண்களும் ஒருவர் பின் ஒருவராக வீடு திரும்பினார்கள். கடைசி அடியில் கூரை அரை அடி உயர்ந்து திரும்பிப் பொருந்தியது. சந்தேகம் இருந்தால் வந்து ஆணிகளைப் பாருங்கள்.

ஆராதனைக்குப் பிறகு முற்றத்தில் தேநீரும் அரிசிப் பணியாரமும் கொடுத்தார்கள். கிட்போர் கோப்பையோடு வந்தார்.

"கொங், அடுத்த வாரம் ஒத்திகை நாலு மணிக்கு."

"பொத்தான் இருக்குன்னு சொன்னீங்களே பாஹ்?"

"இருக்கு," என்று அவர் தரையைப் பார்த்தார். "ஆனா அந்த ஆறு பேருக்கும் பொத்தான் பாஷை புரியாது."

"அதான் பாத்தேன். புதன்கிழமை தோறும் அவங்கள எங்க வீட்டுக்கு அனுப்புங்க. நானும் எத்தனை நாளைக்குச் சுமக்கறது? சோல்ஃபா கணக்கு மாதிரிதான், சொல்லித் தர்றேன். புத்தகத்தை நேராப் பிடிக்கறதுல இருந்து ஆரம்பிக்கலாம்."

கிட்போர் வாயைத் திறந்தார். பணியாரத்தைப் போட்டு மூடிக்கொண்டார்.

"வாண்டா அப்பா, புதன்கிழமை ஏழு பேருக்குத் தேநீர்," என்றாள் சில்பிமோன் என் பக்கம் திரும்பி.

"ஆறு பேருதானே?"

"பாஹ் கிட்போரும் படிக்க வருவார்," என்றாள். "எத்தனை மணிக்கு கொங்?" என்றார் அவர்.