சுவரில் சிரிக்கும் பிள்ளை

பல் மருத்துவமனையின் கூடத்துச் சுவரில் ஒரு குழந்தை வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தது. மேலே நான்கு, கீழே நான்கு அரிசிப் பற்கள். நர்ஸின் மகள்தான். ஒன்றரை வயதில் டாக்டரம்மாவே எடுத்து மாட்டிய படம்.

அதன் கீழே நின்றுதான் நர்ஸ் தினமும் தாய்மாரிடம் சொல்வாள்: "பாட்டிலோட தூங்க வைக்காதீங்க. அப்பப்ப மேலுதட்டைத் தூக்கிப் பாருங்க. வெள்ளைக் கோடு தெரிஞ்சா உடனே வாங்க, மருந்து பூசியே சொத்தையை நிறுத்தப் பார்க்கலாம்."

வீட்டிலோ, சர்க்கரைப் பால் பாட்டில் இல்லாமல் மகள் கண் மூடமாட்டாள். நாளெல்லாம் நின்ற கால்கள் கெஞ்சும்போது நர்ஸுக்கும் அந்தப் பாட்டில்தான் கதி. மகளுக்கு இரண்டேகால் வயதில் ஒருநாள் உதட்டைத் தூக்கியவள் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். சட்டென்று விட்டுவிட்டாள். படத்துப் பிள்ளையையே எந்த முகத்தோடு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போவது?

"பால் பல்லுதானே, தானா விழும். உனக்குக் கனவுலயும் பல்லுதான் வருமா?" என்று கணவன் சிரித்தான். அவன் சொன்னது தப்பென்று தெரிந்தும் அவள் தலையாட்டினாள்.

மூன்று வயதில் மகளின் மேலுதடு வீங்கியது. முன்பற்கள் நான்கும் கரிக்குச்சி நுனிகளாகியிருந்தன.

"எப்ப பார்த்தே?" என்றார் டாக்டரம்மா.

"வீங்கினப்பதான் மேடம்."

"எங்கிட்டயேவா?"

நர்ஸ் மகளின் வாயைத் துடைத்துவிட்டாள்.

வீக்கம் வடிந்த பிறகு நான்கையும் பிடுங்கினார்கள். ஊரார் பிள்ளைகளைப் பிடிக்கிற அதே பிடியில் நர்ஸ் மகளின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா விடும்மா, அம்மா!" என்று பிள்ளை அலறியும் பிடி தளரவில்லை.

"கூடத்துல ஆளிருக்கு. பின்வாசல் வழியா அனுப்பிடு" என்றார் டாக்டரம்மா, கையுறையைக் கழற்றியபடி. பின்வாசலில் கணவன் காத்திருந்தான்.

பஞ்சைக் கடித்தபடி பிள்ளை கூடத்துப் பக்கம் கைகாட்டியது. வரும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு டாட்டா காட்டாமல் அது போனதே இல்லை.

"பாப்பா பாக்கணும்."

"அது வேற பாப்பாடி."

"நான்தான்!"

"இல்ல" என்று மகளைக் கணவனின் தோளில் போட்டுவிட்டு, கைகழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். கைக்குழந்தையோடு நின்றிருந்த ஒருத்தி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணாமே சிஸ்டர்? என்ன அழகான பல்லு! எப்படிப் பார்த்துக்கறீங்க?"

நர்ஸ் படத்துக்குக் கீழே தன் இடத்தில் நின்றாள்.

"பாட்டிலோட தூங்க வைக்காதீங்க" என்று ஆரம்பித்தாள்.