பூஜ்யம் காட்டிய மீட்டர்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. என் தம்பி சொல்லி அழுதது. (அழவில்லை என்கிறான். மூக்கை உறிஞ்சியது ஜலதோஷமாம். இருக்கட்டும்.) மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இதயத்துடிப்பைக் காட்டும் கருவி இருக்குமே, அதைத் தயாரிக்கும் கம்பெனியில் அவன் இன்ஜினியர். படிப்பை முடித்துவிட்டு வேலை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு அடிப்படை தெரிகிறதா என்று சோதிப்பதும் அவன்தான். இந்த முறை இருந்தது ஒரே ஓர் இடம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "குளிரூட்டப்பட்ட அந்த அறையில், எதிர்காலக் கனவுகளோடு காத்திருந்த இளைஞர்களின் கண்களில்—"

வேண்டாம். இன்டர்வியூவுக்குக் காத்திருப்பவர்கள் கண்ணில் கனவெல்லாம் இருக்காது, தூக்கம் கெட்ட சிவப்புதான் இருக்கும்.

இரண்டாம் முயற்சி: மேசைமேல் ஒரு பேட்டரி, கரண்டை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர், ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு, கரண்டை அளக்க ஒரு மல்டிமீட்டர். விளக்கை எரியவைத்து, அதில் ஓடும் கரண்டை அளந்து எழுத வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

இது பரவாயில்லை. இப்படியே போகிறேன்.

3

முதலில் வந்தவன் மீட்டரைக் கரண்ட் அளக்கும் நிலையில் வைத்துக்கொண்டு, பேட்டரியின் இரு முனைகளையும் நேராகத் தொட்டுவிட்டான். அப்படிச் செய்தால் மீட்டருக்குள் இருக்கும் சின்ன ஃபியூஸ் போய்விடும். அதன்பிறகும் மீட்டர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கரண்டை அளக்கச் சொன்னால் மட்டும், தன் வழியே கரண்டைப் போகவிடாமல், பூஜ்யம் காட்டும். அவனை அனுப்பிய கையோடு தம்பி ஃபியூஸைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஒருத்தன் வசமாக மாட்டிய சந்தோஷத்தில் இருந்தான். (இந்த வரியை எடுக்கச் சொல்கிறான். எடுக்கமாட்டேன்.)

4

அடுத்து வந்தவள் ஒரு பெண். இவளை எழுதத்தான் திண்டாடினேன். முதல் பிரதியில் வெடுக்வெடுக்கென்று பதில் சொல்லும் கெட்டிக்காரியாக எழுதினேன். தம்பி படித்துவிட்டு, "அப்படியெல்லாம் இல்லக்கா. பயந்துட்டே இருந்துச்சு. கை வேர்க்க வேர்க்கத் துடைச்சுக்கிட்டே இருந்துச்சு," என்றான்.

விளக்கை உடனே எரியவைத்துவிட்டாள். மீட்டரை நடுவில் சேர்த்தாள், அணைந்தது. மீட்டரை எடுத்துவிட்டுக் கம்பியை நேராகச் சேர்த்தாள், எரிந்தது.

"சார், மீட்டர்லதான் ஏதோ பிரச்னைன்னு நினைக்கிறேன்."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மா. மீட்டர் மேல ஏன் பழி போடுற? அது காட்டுறத எழுது."

அவள் இன்னொரு முறை மீட்டரைச் சேர்த்துப் பார்த்தாள். பிறகு பூஜ்யம் என்று எழுதினாள். எரிகிற விளக்கில் கரண்டே ஓடவில்லை என்று எழுதியவளுக்கு அடிப்படை தெரியாது என்று தம்பி முடிவுகட்டினான். எழுதச் சொன்னவனே அவன்தான். என் தம்பி என்பதால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

5

மூன்றாவதாக ஒருவன். அந்நேரம் பார்த்துத் தம்பிக்குப் போன் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினான். "ஏழு புள்ளி ஒண்ணு, சார்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சரியான விடை. இடம் அவனுக்கு.

மாலையில் தம்பியே அதே மீட்டரால் வேறொன்றின் கரண்டை அளக்கப்போனான். பூஜ்யம். மூடியைக் கழற்றினால், ஃபியூஸ் போயிருக்கிறது.

"அப்ப அந்தப் பையன் எதைப் பார்த்துடா சொன்னான்?"

"எதையும் பாக்கலக்கா. பேட்டரி, ரெசிஸ்டர் அளவ வெச்சு மனசுலயே கணக்குப் போட்டிருக்கான். வெறும் ஏழுன்னு சொல்லியிருந்தா சந்தேகப்பட்டிருப்பேன். அந்தப் புள்ளி ஒண்ணுதான் மீட்டர்ல பாத்துச் சொல்றான்னு நம்ப வெச்சிடுச்சு."

 

(அந்தப் பையனை வில்லனாக்கும் எண்ணமில்லை. மீட்டரைக் குறை சொன்னவள் கண் கலங்கி வெளியே வந்ததை, வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் அவன். ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பா படுத்திருக்கிறார், பக்கத்தில் அந்தக் கருவி. கருவி சரியில்லை என்று சொன்னவள் வெளியே. வராத எண்ணை வந்ததாகச் சொன்னவன் உள்ளே.)

6

முடிவு அ: தம்பி மேனேஜரிடம் நடந்ததைச் சொல்கிறான். அவளை மறுபடி கூப்பிடுகிறார்கள்.

தம்பி முடியாது என்று தலையை ஆட்டினான். "ஃபியூஸக்கூடப் பாக்காதவன் பரீட்சை வெக்கிறானான்னு கேப்பாங்கக்கா. அப்புறம் நான் அங்க தலைநிமிந்து நடக்க முடியுமா?"

முடிவு ஆ: அவளுக்கு இதைவிடப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துவிடுகிறது.

இதைப் படித்ததும் அவன் முகம் தெளிந்துவிட்டது. "இதுதான்க்கா நல்லாருக்கு. இதையே வெச்சுடு."

அந்தப் பக்கத்தை அவன் எதிரிலேயே கிழித்துப் போட்டேன்.

7

பையனுக்கு நாளைக்குத்தான் வேலைக்கான ஆர்டர் போகிறது. அவளுடைய எண் தம்பியின் போனில் இருக்கிறது.

கதையில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுக்க எனக்கு ஒரு வரி போதும். கொடுத்தால் இவன் நிம்மதியாகத் தூங்கிவிடுவான். அவள் மட்டும் எங்கோ ஒரு வீட்டில், தனக்கு அடிப்படையே தெரியாது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர்களிடம் விட்டுவிடுவார்கள். மன்னியுங்கள், உங்கள் எல்லோரிடமும் விடுவதாக இல்லை. ஒரே ஒரு வாசகன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "முடிச்சிட்டியாக்கா?" என்று நச்சரிக்கிறான்.

"இல்லடா," என்று தாளை அவனிடம் நீட்டுகிறேன். "நீ முடி."