கிளிப் போட்ட ஹார்ன்காரி

நான் ஹார்ன் வாசிக்கிறேன் என்று சொன்னால் சர்ச்சுக்கு வரும் அங்கிள்மார் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "லாரியில இருக்குமே, அதுவாம்மா?" இல்லை அங்கிள், இது நத்தை மாதிரிச் சுருண்ட பித்தளைக் குழாய், வலது கையை அகன்ற வாய்க்குள் விட்டுக்கொண்டு ஊத வேண்டும் என்று விளக்க ஆரம்பிப்பேன். முடிப்பதற்குள் அவர்கள் பிரியாணி வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள்.

அதனாலெல்லாம் என் கர்வம் குறையவில்லை. அமெரிக்காவில், டெக்சாஸின் ரிச்சர்ட்சன் ஊரில், எங்கள் ஸ்கூல் ஆர்க்கெஸ்ட்ராவில் நான்தான் முதல் ஹார்ன். எனக்கு அடுத்தவன் க்ரிஷ். மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். அவள் வாலிபால் விளையாடப் போய்விட்டாள். ஆக, நான் இரண்டு பேரில் முதல். அப்போது எனக்கு அது உலகத்திலேயே முதல் என்பது போலத்தான் இருந்தது.

பதினொன்றாம் வகுப்பில் நானும் க்ரிஷும் கோடைக்கால இசை முகாம்களுக்கு அப்ளை பண்ணினோம். நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வீடியோ அனுப்புவார்கள். ஒவ்வொரு முகாமிலும் நாலைந்து ஹார்ன்காரர்களைத்தான் எடுப்பார்கள். மலைமேல் இருக்கிற பெரிய முகாம் ஒன்று, கிழக்குக் கரையில் ஒன்று. இரண்டும் எனக்குக் கிடைத்துவிடும், எதை வேண்டாம் என்று சொல்வது என்பதுதான் என் கவலை. மூன்றாவது, மேற்கு டெக்சாஸில் ஒரு சின்ன யுனிவர்சிட்டி நடத்துவது. "சும்மா அதையும் போட்டு வையேன்" என்று அப்பா கெஞ்சியதால், அவர் மனம் நோகக் கூடாதென்று போட்டேன்.

டிசம்பரில் அம்மாவுக்கு பல் டாக்டர் ஆபீஸிலிருந்து போன் வந்தது. யாரோ கேன்சல் பண்ணியதால் எனக்கு கிளிப் மாட்ட ஒரு இடம் காலியாம்.

"இதை விட்டா சம்மர்தான்டி," என்றாள் அம்மா. "ஆனா உனக்கு ரெகார்டிங் இருக்கே. தள்ளிப் போட்டுடலாமா?"

தப்பிக்க வழியை அம்மாவே காட்டினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நிஜமான மியூசிஷியன் எதையும் அட்ஜஸ்ட் பண்ணிப்பாம்மா."

அன்று சாயங்காலம் கிளிப்போடு ஹார்னை எடுத்து ஊதினேன். கன்றைத் தொலைத்த மாடு மாதிரி ஒரு சத்தம் வந்தது. மேல் ஸ்வரங்களுக்கு உதட்டை ஊதுவாயில் அழுத்த வேண்டும். அழுத்தினால் உதட்டின் உள்பக்கம் கம்பியில் குத்திக் கிழிந்தது. கம்பிமேல் மெழுகு ஒட்டிப் பார்த்தேன். பாதிப் பாட்டில் அது கழன்று தொண்டைக்குள் போனது. நிஜமான மியூசிஷியன் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதாள்.

ரெகார்டிங் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். டெலிகாம் கம்பெனியில் டெஸ்டிங் இன்ஜினியர். காதில் ஹெட்போன் மாட்டியதும் ஆளே மாறிவிட்டார். சுவரெங்கும் மெத்தையைச் சாய்த்தார். சத்தம் வருகிறதென்று ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணினார். மறுபடி ஆன் பண்ண மறந்தார். மறுநாள் அம்மா திறந்தபோது, ஹியூஸ்டனிலிருந்து ஐஸ் போட்டுக் கொண்டுவந்த வஞ்சிரம் மீனெல்லாம் நாறிக்கிடந்தது. "மீனும் போச்சு, மேல் ஸ்வரமும் போச்சு," என்றாள்.

உண்மைதான். தனி வாசிப்பில் உச்சிக்குப் போன ஒவ்வொரு முறையும் குரல் உடையும் பையன் மாதிரி என் ஹார்ன் கிறீச்சிட்டது. எத்தனை முறை எடுத்தும் அதேதான். கடைசியில், முகாம்காரர்கள் கேட்டிருந்தார்களே என்று, கீழ் ஸ்வரங்களில் ஒரு சின்னப் பகுதியை வேண்டாவெறுப்பாக வாசித்தேன். அதற்கு உதட்டைத் தளர்த்தினால் போதும், கம்பி குத்தாது.

அப்பா ஹெட்போனைக் கழற்றினார். "ரோஷினி, இது நல்லா இருக்குடா."

"அப்பா, அது யாரும் கவனிக்காத பார்ட்!" என்று எரிந்து விழுந்தேன்.

மார்ச்சில் மலை முகாம், இடம் தர முடியவில்லை என்று மெயிலில் வருந்தியது. அடுத்த வாரம் கிழக்குக் கரை வருந்தியது. க்ரிஷுக்கு மலை முகாம் கிடைத்தது. "யூ டிசர்வ் இட்!" என்று அவனுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு, போனைத் தலையணைக்கு அடியில் அமுக்கினேன்.

"ஃபீல் பண்ணாதடா," என்றார் அப்பா. "எங்க கம்பெனி லே-ஆஃப் மெயில் இதைவிட மோசமா இருக்கும்."

பிறகு மேற்கு டெக்சாஸிலிருந்து ஹார்ன் ஆசிரியை ஒருவர் போன் பண்ணினார். என் தனி வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் நாகரிகமாக விட்டுவிட்டார். கீழ் ஸ்வரப் பகுதியை மட்டும் இரண்டு முறை கேட்டாராம். எல்லாருக்கும் மேல் ஸ்வரம் வாசிக்கும் முதல் ஹார்ன்தான் வேண்டுமாம். கீழ் ஸ்வரம் வாசிக்க ஆளே கிடைப்பதில்லையாம். நான்காவது ஹார்னாக வருகிறாயா, உனக்குக் கீழ் ஸ்வரம்தான் பிடிக்குமோ என்று கேட்டார்.

"எப்பவுமே அதான் பிடிக்கும்," என்றேன், கூசாமல்.

ஜூலையில் போனேன். முதல் ஒத்திகையில் வரிசையின் கடைசி நாற்காலி எனக்கு. என் இசைத்தாளில் பக்கம் பக்கமாக ஓய்வு. எப்போதாவது நீளமாக ஒரு கீழ் ஸ்வரம். அது வந்ததும் மூச்சை நிறைத்து ஊதினேன். காலடியில் மரத்தரை அதிர்ந்தது. எனக்கு முன்னால் இருந்த செல்லோ பையன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு ஸ்வரத்தின் மேல் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஏறி நிற்பது போலிருந்தது. முதல் ஹார்னாக இருந்த இத்தனை காலத்தில் எனக்கு இப்படி ஒருநாளும் தோன்றியதில்லை.

கண்டக்டர் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். என்னை மட்டும் பார்த்து, கொஞ்சம் குறைத்து வாசிக்க முடியுமா என்று கேட்டார்.

இடைவேளையில் அம்மா கூப்பிட்டாள். "எப்படிடி போச்சு?"

"கண்டக்டர் நிறுத்தி என்கிட்ட மட்டும் பேசினார்மா."

"என்னங்க!" என்று அம்மா அப்பாவை நோக்கிக் கத்துவது கேட்டது. "அத்தனை பேர்ல இவளை மட்டும் நிறுத்திப் பேசினாராம்!"

நான் ஒன்றும் திருத்தவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, என் ஸ்வரம் வந்தபோது, குறைத்துத்தான் வாசித்தேன். குறைத்தது என்னவோ ரொம்பக் கொஞ்சம்தான்.