சுபிதாவின் கல்லுக்கு வால் இல்லை

1

இந்தக் கதை ஒரு ஃபிளக்ஸ் பேனரிலிருந்து வந்தது. கருங்கல் சந்தைப் பக்கம் பேருந்து நெரிசலில் நின்றபோது ஜன்னல் வழியே பார்த்தேன். கல்லூரியில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த சுபிதா பட்டுச்சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குப் பின்னால் தீப்பிடித்த வாலோடு ஒரு உருண்டை பாய்ந்துகொண்டிருந்தது. 'வால்நட்சத்திரம் கண்டறிந்த எங்கள் சபையின் பெருமை' என்று மேலே எழுதி, ஞாயிற்றுக்கிழமை பாராட்டுக் கூட்டம் என்று கீழே போட்டிருந்தார்கள்.

போன் போட்டேன்.

"ஏட்டி, இது எப்பளாக்கும்? என்னட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"நீயும் பாத்தாச்சா? வீட்டுக்கு வா, சொல்லுகேன்" என்றாள். மேடை ஏறப் போகிறவளின் குரலாக அது இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். அக்கறையில் இறங்கினேன் என்று எழுதத்தான் ஆசை. கதை வாசனை அடித்ததால் இறங்கினேன்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

'சிதறால் மலை உச்சியில், சமணர் குடைந்த பாறைக்கு மேலே, தொலைநோக்கியில் கண் பதித்து அவள் நின்றாள். காற்று அவள் கூந்தலை —'

போதும். சுபிதாவிடம் தொலைநோக்கி கிடையாது. அவள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். எங்கோ வெளிநாட்டு மலையில் இருக்கும் பெரிய தொலைநோக்கி வானத்தைப் படம் எடுக்கிறது. அந்தப் படங்களை ஒரு குழு தன்னார்வலர்களுக்கு அனுப்புகிறது. சுபிதா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, ஒரே இடத்தைக் காட்டும் படங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பாள். நட்சத்திரங்கள் அசையாது. ஒரு புள்ளி மட்டும் நகரும். அது எங்கே நிற்கிறது, எவ்வளவு வெளிச்சம் என்று அளந்து அனுப்புவாள்.

(கூந்தலை அசைக்க மேஜைக்கு மேலே ஒரு ஃபேன் இருந்தது.)

அவள் தொடர்ந்துகொண்டிருந்தது சனிக்கோளுக்கும் அப்பால் உள்ள ஒரு பொருள். பனியும் கல்லும் கலந்தது என்று நினைக்கிறார்கள். அவள் 'எனக்க கல்லு' என்பாள். அது சூரியனை நோக்கி மெல்ல வந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவற்றில் சில, இருந்தாற்போல் தூசியும் வாயுவும் கக்கி வால்நட்சத்திரம் மாதிரி ஆகிவிடும். ஒருநாள் வந்த படங்களில் அவள் கல் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வெளிச்சமாக, ஓரம் பஞ்சுபோல் கலைந்து தெரிந்தது. குழுவுக்கு எழுதினாள். 'சுவாரசியம், கவனித்து வாருங்கள்' என்று ஒருங்கிணைப்பாளர் பதில் போட்டார். அவள் கணவன் எபிசன் அதை அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையில் சொன்னான். மீதியை ஃபிளக்ஸ் கடைக்காரர் வரைந்துகொண்டார்.

3

நான் போனது வெள்ளிக்கிழமை மத்தியானம். சுபிதா மெலிந்திருந்தாள். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

"இது அது போற பாதை. நான் அளந்த எல்லாப் புள்ளியும் கோட்டுமேலதான் இருக்கு. அந்த ஒரு நாளு மட்டும் பாரு."

ஒரு புள்ளி கோட்டைவிட்டு இம்மி விலகியிருந்தது. எனக்கு அது ஒன்றுமாகத் தோன்றவில்லை.

"கல்லு வழி மாறாது. அப்ப நான்தான் வேற எதையோ சேத்து அளந்திருக்கேன்." அதே இடத்தின் பழைய படம் ஒன்றைத் திறந்தாள். கல் அங்கே வருவதற்கு முன்பு எடுத்தது. கல் நின்ற இடத்தை ஒட்டி ஒரு மங்கலான நட்சத்திரம். "முன்ன நான் ஒத்துப்பாத்தது வேற படம், அதுல இது விழல்ல. அவ்வளவு மங்கலாட்டு உள்ளது. அன்னைக்கு கல்லு இதுக்க முன்னால வந்து நின்னிருக்கு. ரெண்டு வெளிச்சமும் ஒண்ணாச் சேந்துட்டு. வாலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"ஆருட்டயாவது சொன்னியா?"

"இல்ல. வெப்ராளமும் பயமுமா இருக்குட்டீ. ஸ்கூல்ல பிள்ளையளுக்கெல்லாம் சொல்லியாச்சு. நாணக்கேடு."

4

இங்கேதான் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். எபிசன் தோதான ஆள். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன். ஊரில் மரியாதையைப் பெரிதாக நினைப்பவன். 'மீன் பையைத் தரையில் வீசிய எபிசன், வாயைத் திறந்தால் —' என்று எழுதிப் பார்த்தேன். வீசிய பை எனக்கே நம்பிக்கை தரவில்லை, அடித்துவிட்டேன்.

நடந்தது இது. அவன் மீன் பையோடு வந்தான். சுபிதா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பையைத் தொட்டியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஞாயிறு கழிஞ்சு சொன்னா போராதா, சுபி?"

"அப்ப நான் மேடையில நின்னு கள்ளம் சொல்லணும். உங்களுக்கு அது செரியா?"

அவன் எழுந்து கை கழுவினான். "செரி. சட்டைய மாத்தீட்டு வாறேன். பாஸ்டரைக் கண்டு சொல்லீட்டு வருவோம்."

இவ்வளவு சீக்கிரம் ஒரு மனிதன் இறங்கிவரலாமா என்ற சந்தேகம் எனக்கு. வாசகர் நம்பமாட்டார். சுபிதா சேலை மாற்றப் போனதும் அவனிடமே கேட்டேன்.

"இந்த வாரம் முழுக்க அவ சோறு திங்கல்ல. கேட்டா ஒண்ணும் இல்லம்பா. ஏதாவது சீக்குதான், என்னட்ட மறைக்கான்னு நான் பயந்து பேடிச்சுப் போயிருந்தேன். ஆசுபத்திரிக்குக் கூப்பிடக்கூட பேடி." முகத்தைத் துடைத்தான். "ஒரு நட்சத்திரம்தானா காரணம்? அது எனக்குப் போரும்."

(வில்லனை இந்த இடத்தில் இழந்தேன். வருத்தமில்லை.)

5

போதகர் யேசுரத்தினம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப கல்லும் இல்லியா?"

"கல்லு உண்டு பாஸ்டர். வால்தான் இல்ல."

அவர் குலுங்கிச் சிரித்தார். சுபிதா அழுதாள், பிறகு அவளும் சிரித்தாள். பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது, கூட்டத்தை நிறுத்த வேண்டாம், இதையே வந்து சொல் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். சுபிதா அந்த இரண்டு படங்களையும் திரையில் போட்டாள். "நான் சொன்னது தப்பு. எப்படித் தப்புன்னு காட்டுகேன்" என்று தொடங்கினாள். மின்வாரியத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற நேசையன் கை தூக்கினார்.

"அந்த நட்சத்திரம் கல்லுக்குப் பொறத்தயா நிக்குது?"

"ரொம்ப ரொம்பப் பொறத்த, மாமா."

"அப்ப நமக்குத்தான் ஒண்ணாத் தெரிஞ்சுது. அதுவ ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டதே இல்ல."

"ஆமா மாமா."

அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. 'பின்ன ஏன் வால்நட்சத்திரம்னு சொன்ன?' என்று அவள் பயந்த கேள்வியை யாருமே கேட்கவில்லை. பிரியாணியை அவள் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டதை எபிசன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

குழுவுக்கும் எழுதியிருந்தாள். பதில் திங்களன்று வந்தது. நட்சத்திரத்தைத் தானும் கவனிக்கவில்லை என்றும், அந்த ஒருநாளை நீக்கினால் அவள் அளவுகள் மிகச் சுத்தமானவை என்றும் ஒருங்கிணைப்பாளர் சொல்லியிருந்தார். பூமியிலிருந்து பார்க்க, கல் அப்போது சூரியனுக்குப் பின்பக்கம் மறைந்துகொண்டிருந்தது. சில மாதம் யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது எங்கே தேடுவது என்பதற்கு அவள் கணக்கையும் சேர்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார்.

மாதங்கள் கழித்து, மழை பெய்த ஒரு காலையில் போன் வந்தது.

"கிடைச்சாச்சுட்டீ."

"எது?"

"கல்லு. சொன்ன இடத்திலயே நிக்குது."

அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

6

இதோடு முடித்திருக்கலாம். என் கை கேட்கவில்லை. இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கல்லுக்கு நிஜமாகவே வால் முளைக்கிறது, ஊரே மொட்டைமாடியில் நிற்கிறது. இன்னொன்றில் கடைசிவரை அது வெறும் புள்ளிதான். இரண்டையும் சுபிதாவுக்குப் படித்துக் காட்டி எது நடக்கும் என்று கேட்டேன்.

"தெரியாது" என்றாள் நிம்மதியாக. "அது சூரியன்கிட்ட வர இன்னும் வருசங்க ஆவும். நீ ஏன் அதுக்க முன்ன ஓடுக?"

ஆகவே இரண்டையும் கிழித்துவிட்டேன். மிச்சம் இருப்பது ஒன்றரை வாக்கியம். கல் வந்து சேரும் வருடத்தில் நான் இல்லாமல் போனாலும் நீங்கள் இருக்கக்கூடும், உங்களிடமே இருக்கட்டும். நல்ல முடிவு மனதில் வந்தாலும் இப்போதே எழுதிவிடாதீர்கள். கல் முதலில் வரட்டும்.

'அன்று காலை சுபிதா படத்தைத் திறந்தாள். புள்ளியைச் சுற்றி