வாக்குறுதி இருந்த இடம்

ஃப்ரௌக்கெயின் மண்டையோடு திறந்திருந்தது. அவள் விழித்திருந்தாள். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில், இந்த அறுவை அறையில் நோயாளியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து வார்த்தை கேட்பது பதினோரு வருடமாக என் வேலை.

படகுகளுக்கு வழிவிடக் கால்வாய்ப் பாலத்தை ஏற்றி இறக்கும் வேலை அவளுக்கு. மூளையின் இடப்பக்கம் எலுமிச்சை அளவு கட்டி. டாக்டர் ஹூக்கெமா திரைக்குப் பின்னால் நின்று, ஒவ்வோர் இடமாக மெல்லிய மின்சாரக் கம்பியால் தொடுவார். தொட்ட இடம் சில நொடி செயலற்றுப்போகும். அதற்குள் நான் ஒரு சொல்லைத் தர, அவள் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்த இடத்தை வெட்டலாம். தடுமாறினால் கூடாது.

"உள்ள மூளை இருக்குன்னு பாத்துட்டீங்கல்ல டாக்டர்? என் புருஷனுக்கு எழுதிக் குடுத்துடுங்க," என்றாள் ஃப்ரௌக்கெ.

"படகு," என்றேன்.

"படகுக்காரனுங்களுக்குப் பொறுமையே கிடையாது."

"பயம்."

"பயம் எனக்கு இப்பவும் இருக்கு."

"வாக்குறுதி."

"அது யாரோட பேரு?" என்றாள்.

மின்சாரத்தை எடுத்ததும் சரியாகச் சொன்னாள். மறுபடி தொட்டபோது 'மன்னிப்பு' போயிற்று, 'கடமை' போயிற்று. 'துக்கம்' அப்படியே இருந்தது, எண்களும் இருந்தன. மனிதர்களுக்கு நடுவில் மட்டுமே இருக்கிற சொற்கள்தான் அந்த ஒரு விரல் அகலத்தில் குடியிருந்தன.

"கட்டி இங்கதான் அடர்த்தியா இருக்கு. விட்டா வளரும். அவங்களையே கேளு," என்றார் டாக்டர்.

அவர் கம்பியை இன்னும் எடுக்கவில்லை என்பதைக் கவனிக்காமல் கேட்டுவிட்டேன். "ஃப்ரௌக்கெ, இத எடுத்தா வாக்குறுதிங்கிற வார்த்தை போயிடும். எடுக்கலாமா?"

"எடுத்துடுங்க," என்றாள் நிதானமாக. "அது எனக்கு எதுக்கு?"

அந்த நிதானம் என் முதுகைச் சில்லிட வைத்தது. டாக்டர் சட்டென்று கம்பியை விலக்கினார். அவள் கண்கள் விரிந்தன. என் விரல்களை நெரித்தாள்.

"நானா அப்படிச் சொன்னேன்? திரும்பி வருவேன்னு என் பொண்ணு லீஸ்பெட்டுக்கு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். ஆறு வயசு அவளுக்கு. அதுவே ஒண்ணுமில்லாமப் போச்சே! பயம் இருந்துச்சு, ஆனா எதுக்குப் பயப்படணும்னு தெரியல." மூச்சு வாங்கியது. "எடுக்காதீங்க. நான் மறுபடி எடுங்கன்னு சொன்னாலும் கேக்காதீங்க. அது நான் இல்ல."

எல்லையை உறுதிசெய்ய டாக்டர் இன்னும் மூன்று தடவை தொட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே, "வேணாம், வேணாம்," என்று முனகினாள். தொட்டதும் முகம் தெளிந்து, அமைதியாகிவிடுவாள். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்ப்பதுதான் என் வேலை.

கட்டியில் அந்த ஒரு துண்டை மட்டும் விட்டுவைத்து, மற்றதை எடுத்துவிட்டுத் தலையை மூடினார்கள். அவள் பாலத்துக்குத் திரும்பிப் போனாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். நவம்பரில், துண்டு கொஞ்சம் வளர்ந்திருந்தது.

"அந்த வார்த்தைங்க போனா எனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியாமலே போகலாம்."

பிறகு பக்கத்தில் இருந்த கணவன் சீட்ஸெயின் பக்கம் திரும்பினாள்.

"தினம் காலையில என்கிட்ட அந்த வார்த்தைகளைக் கேளு. நான் எரிஞ்சு விழுந்தாலும் கேளு. எனக்கு ஒண்ணும் ஆகலன்னு நானே சொன்னா நம்பாத."

அவன் தலையாட்டினான். இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கிறான். அவள் பதில் சொல்ல ஒரு நொடி தாமதித்தால்கூட அவனுக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லையாம்.