விருந்துக்கு வந்த காடை

எங்கள் வீட்டில் வயல் எலி சாப்பிடுவோம். "முழுக்க முழுக்கத் தானியம் தின்னு வளந்த உடம்பு, கண்டதைக் கொத்துற கோழியைவிடச் சுத்தம்" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் வாதாடுவார். தொழில் தையல். ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியாது. எலி வளைக்குள் இருக்கும் வால் மட்டும் பளிச்சென்று தெரியும். அறுவடை முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் சாக்குமாகக் கிளம்பிவிடுவார்.

அதற்காக, நான் கட்டிக்கொள்ள நினைத்தவர் தன் அம்மாவோடு முதல்முறை சாப்பிட வரும் அன்றைக்கா? அந்த அம்மா சரி என்றால்தான் கல்யாணம். கறிக்கடை மூடியிருந்தது என்று அப்பா கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய்ச் சாக்கு நிறையக் கொண்டுவந்துவிட்டார். வருகிறவருக்கு எலி ஒழிக்கும் கம்பெனியில் வேலை. சட்டைப் பையில் எலியின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட படம் வேறு.

"காடைன்னு சொல்லிடுவோம். அதுக்கும் எலும்பு சின்னதாத்தான் இருக்கும். நீ வாயைத் திறக்காம இரு, போதும்" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு எலி. அம்மா அதை வெட்டி, அந்தத் துண்டுகளை அப்படியே ஒருவர் தட்டில் வைப்பாள். கலந்து வைத்தால் சண்டை வரும். தலையையும் வாலையும் ஞாபகமாக ஒதுக்கிய அம்மா, இந்தப் பழக்கத்தை மாற்ற மறந்துவிட்டாள்.

எலி மருந்துக்காரர் ரசித்துச் சாப்பிட்டார், மறுபடியும் கேட்டு வாங்கினார். அவருடைய அம்மாவும் தட்டைக் காலி செய்தார். எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

அப்பா சும்மா இருப்பாரா? "வேலையெல்லாம் எப்படிப் போகுது தம்பி?"

"சூப்பரா போகுது அங்கிள். போன வாரம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வயல் முழுக்க விஷம் வச்சேன். ஒரு வளை விடலை."

அப்பாவின் கை வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் எலி மருந்துக்காரர் தட்டைப் பார்த்தேன். காலி. பெற்றவர்கள் இரண்டு பேரும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொங்கியது. கல்யாணம் நின்றால் நிற்கட்டும், மனுஷன் பிழைக்க வேண்டாமா?

"எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்! அது காடை இல்ல, எலி! அந்த வயல் எலிதான்!"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். எலி மருந்துக்காரர் முகம் வெளிறிப்போனது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. தன் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சட்டைப் பையைக் கையால் மூடினார்.

"ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம். நான் விஷமே வைக்கலை. வெயில் தாங்கலைன்னு மரத்தடியில படுத்துத் தூங்கிட்டேன். மருந்து மூட்டை பிரிக்காம வண்டியிலயே கிடக்கு."

"தங்கமான பிள்ளை!" என்று அப்பா கத்தினார். "அதான் இந்த வருஷம் எல்லாம் இப்படிக் கொழுகொழுன்னு..." அம்மா அவர் தொடையில் கிள்ளினாள்.

எலி மருந்துக்காரரின் அம்மா சிரிக்கவில்லை. அடுக்கி வைத்த எலும்புகளை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார்.

"ஒரு காடைக்கு நாலு காலான்னு நானும் அப்பவே பாத்தேன். ருசியா இருந்துச்சு, பேசாம தின்னுட்டேன்." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "நீ வேலை பாத்தேன்னு பொய் சொன்ன. இவங்க காடைன்னு பொய் சொன்னாங்க. நான் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன். உன் உசுருக்காக உண்மையைச் சொன்னது இந்தப் பொண்ணு ஒருத்திதான்."

எனக்கு அழுகை நின்று விக்கல் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா காலித் தட்டை என் அம்மாவிடம் நீட்டினார்.

"இன்னொரு காடை வைங்க, சம்பந்தி."